சின்னக் கோயிலும் பெரிய வாசலும்

தரங்கம்பாடி எருசலேம் ஆலயம்: ஒரு வரலாற்றுப் பார்வை

(வரலாற்றுத் துறை முன்னாள் மாணவர் ஒருவர்)



தரங்கம்பாடி என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது கோட்டையும் கடற்காற்றும்தான். கல்விச் சுற்றுலா என்று பஸ் ஏறிப் போய், கோட்டை மதில் பக்கம் வரிசையாக நின்று போட்டோ பிடித்துக்கொண்டு, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தவங்கதான் நம்மில் பாதிப் பேர். கோட்டையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ராஜ வீதியில் ஒரு கோயில் நிற்கிறது. சிலுவை வடிவில் கட்டப்பட்டது. முகப்பில் ஒரு ராஜ முத்திரை. அதைத் தாண்டிப் போனவர்கள் பலர். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சிலர்.

மலர்க் குழுவினர் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டபோது இந்தக் கோயிலின் கதையைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. இது மதப் பிரசாரக் கட்டுரை அல்ல. ஒரு சிறிய சபை, ஊரில் இருந்த எல்லாரையும் பார்த்து "வாங்க" என்று சொன்னது. வந்தார்கள். வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. வாசலைத் திறப்பதற்கு ஒரு வருடம்தான் ஆயிற்று. உட்காரும் இடத்தைச் சரிசெய்யத் தலைமுறைகள் பல ஆயின. அந்தக் கதைதான் இது.

அலை பாடும் ஊர்

தரங்கம்பாடிக்குச் சடங்கன்பாடி என்று ஒரு பழம்பெயர் உண்டு. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. அலை அரித்து அரித்து அதன் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1620-ல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாத நாயக்கரோடு டேனிஷ்காரர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு இங்கே வந்து இறங்கினார்கள். டான்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. 1845-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஊரை விற்றுவிட்டுப் போகும்வரை, ஏறத்தாழ 225 ஆண்டுகள், இது டேனிஷ் கொடி பறந்த ஊர்.

கொடி டேனிஷ் கொடியே தவிர, ஊர் தமிழ் ஊர்தான். கோட்டைச் சிப்பாய்கள், கம்பெனி உத்தியோகஸ்தர்கள், போர்த்துக்கீசியம் பேசிய கலப்பினத்தார், தமிழ் வியாபாரிகள், முஸ்லிம் மரக்கலக்காரர்கள், நெசவாளர், மீனவர், கூலி வேலை செய்தவர்கள் என்று பலரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தார்கள். ஐரோப்பியர் வீடுகளில் வேலை செய்த அடிமைகளும் இருந்தார்கள். ஆம், விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள்! இதைச் சொல்லாமல் அந்தக் காலத்துத் தரங்கம்பாடியின் சரித்திரத்தைச் சொல்ல முடியாது.

1701-ல் டேனிஷ்காரர்கள் தங்களுக்கென்று சீயோன் ஆலயத்தைக் கட்டிக்கொண்டார்கள். அது ஐரோப்பியர் கோயில். அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்டியவர்களுக்கு அதில் இடமும் இல்லை, அங்கே பேசிய பாஷையும் புரியாது.

மணலில் எழுதிய ஜெர்மானியர்

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி இரண்டு இளைஞர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சோ. இருவரும் ஜெர்மானியர்கள், அனுப்பி வைத்தவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். சீகன்பால்குக்கு மறுநாள்தான் 24 வயது நிறைந்தது. நம் கல்லூரியில் முதுகலை முடித்துவிட்டு வேலை தேடும் பையன்களின் வயது!

ராஜாவின் கடிதத்தோடு வந்தும், கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவர்களை வரவேற்கவில்லை. இவர்களால் வியாபாரம் கெடும், வேலைக்காரர்களுக்குத் துளிர் விட்டுப்போகும் என்ற கவலை கம்பெனிக்கு. இறங்கிய அன்றே நாள் முழுக்கக் காக்கவைத்து அலைக்கழித்தார்கள்.

சீகன்பால்கு சோர்ந்துவிடவில்லை. ஊர்த் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒரு முதியவர். அவரையும் அவரிடம் படித்த பிள்ளைகளையும் தம் வீட்டுக்கே அழைத்து வந்து பள்ளியை அங்கே நடத்தச் சொன்னார். அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தாமும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். சில மாதங்களிலேயே தமிழில் பேசவும் படிக்கவும் வந்துவிட்டது. பல பாஷை தெரிந்த அழகப்பன் என்பவர் துணைக்கு இருந்தார். ஏட்டுச் சுவடிகளாக வாங்கிச் சேர்த்தார். 1708-ல் அவர் எழுதிய சுவடிப் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இருக்கின்றன. அதே ஆண்டில் கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நாம் மூன்றாம் வகுப்பில் உருப்போட்ட அதே கொன்றை வேந்தன்தான்!

அவர் வந்தது தம் மதத்தைப் பரப்பத்தான். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் சொல்ல வந்தவர் முதலில் கேட்க உட்கார்ந்தார், அதுவும் தரையில் உட்கார்ந்தார் என்பதுதான் குறிப்பிடத்தக்கது.

1707: வாசல் திறந்தது

1707-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர். பிரபுக்கள் அல்ல, வியாபாரிகளும் அல்ல. டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள். சரித்திரத்தில் இப்படிப்பட்ட தொடக்கங்கள் அபூர்வம் எனலாம்.

இவர்கள் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும். சீயோன் ஆலயம் சரிப்படாது. ஆகவே ஜூன் மாதம் ஒரு சிறிய கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். பணம் ஏது? தங்கள் சம்பளத்திலிருந்து போட்டார்கள். நல்லெண்ணம் கொண்ட சிலர் கொடுத்தார்கள். ஊரில் சிரித்தவர்கள் நிறையப் பேர். இரண்டே மாதத்தில் வேலை முடிந்து, ஆகஸ்ட் 14-ஆம் தேதி பிரதிஷ்டை நடந்தது. பெயர் எருசலேம்.

அன்றைக்கு அந்தச் சின்னக் கோயிலுக்குள்ளும் வெளியிலும் நின்ற கூட்டம்தான் நம் கட்டுரைக்கு முக்கியம். கிறிஸ்தவர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பிரசங்கம் தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் நடந்தது. தமிழ், ஊர் மக்களுக்கு. போர்த்துக்கீசியம், அடிமைகளுக்கும் கலப்பினத்தாருக்கும். கேட்பவன் பாஷையில் பேசு என்பது இன்றைக்குச் சாதாரண விஷயமாகத் தெரியலாம். அன்றைக்கு அதிகாரத்தின் பாஷை டேனிஷ். அந்தக் கோயிலில் அதிகாரத்தின் பாஷை பின்னுக்குப் போய், அடுப்படியின் பாஷை முன்னுக்கு வந்தது.

அந்தச் சின்னக் கோயில் இன்று இல்லை. இன்று நாம் பார்ப்பது அதற்குப் பின்னால் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். அதற்குப் பிறகு வருவோம்.

ஒரு விதவைக்காகச் சிறை

"எல்லாரும் வரலாம்" என்று போர்டு எழுதி மாட்டுவது சுலபம். வந்தவருக்குக் கஷ்டம் என்றால் கூட நிற்பது சுலபமல்ல. அந்தச் சோதனை 1708-லேயே வந்தது.

காலஞ்சென்ற ஒரு தமிழ் நாவிதரின் மனைவிக்குக் கடன் விவகாரம் ஒன்றில் சிக்கல். எதிர்த்தரப்பு, கம்பெனியில் செல்வாக்குள்ள ஆள். அந்த அம்மாளுக்குப் பரிந்து பேச வேறு யாரும் இல்லை. சீகன்பால்கு பேசினார். கோட்டைத் தலைவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிர்வாகத்தில் தலையிடுகிறார் என்று பிடித்துக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார். 1708 நவம்பர் முதல் 1709 மார்ச் வரை நான்கு மாதம் சிறை!

டேனிஷ் ராஜாவின் கடிதத்தோடு வந்தவரை, டேனிஷ் ராஜாவின் கோட்டையிலேயே, ஒரு நாவிதரின் விதவைக்காக அடைத்து வைத்தார்கள். கோட்டைக்குப் போகிற மாணவர்கள் பீரங்கிகளைப் பார்ப்பதோடு நிற்காமல், இதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

சோறும் எழுத்தும்

1707 முதற்கொண்டே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது. படிப்புக்குக் காசு இல்லை. சோறும் துணியும்கூடக் கொடுத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. பெண்பிள்ளை படித்தால் குடும்பம் கெடும் என்று ஊர் உலகம் நம்பிய காலம் அது என்பதை மறந்துவிடக்கூடாது.

பின்னாலேயே அச்சகம் வந்தது. தமிழில் முதல் அச்சுப் புத்தகம் அதற்கு முன்பே, 1578-ல், கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்பது வரலாற்று மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த முயற்சி தொடர்ந்து நிலைக்கவில்லை. 1712-ல் லண்டனிலிருந்து தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏராளமாகப் பிடித்தது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். காகிதத்துக்குப் பக்கத்து ஊரான பொறையாற்றில் ஆலையே வைத்துப் பார்த்தார்கள். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது.

இதற்கெல்லாம் எதிர்ப்பு வந்தது. உள்ளூரில் வந்ததைவிட, அனுப்பி வைத்த இடத்திலிருந்து வந்ததுதான் கொடுமை! கோபன்ஹேகனில் மிஷன் காரியங்களைக் கவனித்த வென்ட் என்பவருக்கு இந்தக் கட்டடங்களும் பள்ளிகளும் பிடிக்கவில்லை. அப்போஸ்தலர்கள் கோயில் கட்டினார்களா, பள்ளிக்கூடம் நடத்தினார்களா, பிரசங்கம் செய்தால் போதாதா என்பது அவர் கட்சி. சீகன்பால்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை. மனிதனுக்கு ஆத்துமா மட்டும் தனியாக நடமாடுவதில்லை, உடம்போடு சேர்ந்துதான் இருக்கிறது, ஆகவே ஒன்றைக் கவனித்து மற்றதை விட முடியாது என்ற கருத்தில் பதில் எழுதினார். "தொண்டு" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று இன்றைக்கும் பட்டிமன்றம் வைக்கலாம். அந்தப் பட்டிமன்றம் கோபன்ஹேகனுக்கும் தரங்கம்பாடிக்கும் இடையில் 300 ஆண்டுகளுக்கு முன்பே கடித வழியாக நடந்து முடிந்தது!

இன்னொரு சங்கதியும் உண்டு. 1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் ஊர்ப் பெரியவர்களிடமும் படித்தவர்களிடமும் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார்கள். உங்கள் கடவுள் யார், எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். பதில்கள் ஒளிவுமறைவில்லாமல் வந்தன. வெள்ளைக்காரர்கள் குடிக்கிறார்கள், சுத்தபத்தமாக இருப்பதில்லை, சொல்வது ஒன்று செய்வது ஒன்று என்று தமிழர்கள் வெளுத்து வாங்கிவிட்டார்கள்! அந்தக் கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின.

1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு ஒரு பெரிய நூலே எழுதி அனுப்பினார். ஹாலேயில் இருந்தவர்களோ, அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினால் அதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாரே என்று அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். அது 1867-ல்தான், அதுவும் சென்னையில், அச்சேறியது.

பாயும் தரையும்

சபை வளர்ந்தது, சின்னக் கோயில் போதவில்லை. 1717 பிப்ரவரியில் ராஜ வீதியில் புதிய கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டு, 1718 அக்டோபர் 11-ஆம் தேதி பிரதிஷ்டை செய்தார்கள். முகப்பில் இருப்பது நான்காம் பிரெடரிக் அரசரின் முத்திரை. நான்கு மாதம் கழித்து, 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி, சீகன்பால்கு காலமானார். வயது 36. அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இனிமேல்தான் கதையின் கஷ்டமான பகுதி.

முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள், ஏழைகள், பறையர் குலத்தார். பின்னால் வேளாளர் முதலான குலத்தாரும் வந்தார்கள். வாசல் எல்லாருக்கும் ஒன்றுதான். கூரை ஒன்றுதான். பிரசங்கமும் ஒன்றுதான். ஆனால் உட்காரும் இடம்? ஐரோப்பியருக்கு இருக்கைகள். வேளாளர் முதலான குலத்தாருக்குப் பாய். பறையர் குலத்தாருக்கு வெறுந்தரை. நடுவே இடைவெளி. சிலுவை வடிவக் கட்டடத்தின் பக்கங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துபோயின.

யார் இதற்குச் சட்டம் போட்டார்கள் என்று தேடினால் ஒருவர் மேலும் முழுப் பழியைப் போட முடியாது. ஊர் வழக்கம் கோயிலுக்குள் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்பி வெளியே அனுப்ப மிஷனரிகளுக்குத் தைரியம் வரவில்லை. இதைச் சமூக வழக்கம், மதத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். வந்திருப்பவர்கள் போய்விடுவார்களே என்ற பயம் உள்ளூர இருந்தது.

மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிப் பழகியவர் கட்டிய கோயிலில், தரையில் உட்காருவது தாழ்வின் அடையாளமாகிவிட்டது. இதைவிடப் பெரிய முரண்பாடு என்ன வேண்டும்?

ஆரோனும் ராஜநாயக்கனும்

இந்த இடைவெளி எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு இரண்டு மனிதர்களின் கதையே சாட்சி.

ஆரோன் கடலூர்க்காரர், ஆறுமுகம் என்பது பிறப்புப் பெயர், வேளாளர் குலம். 1718-ல் ஞானஸ்நானம் பெற்றவர். 1733-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். தமிழ்ப் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களில் முதல் குரு அவர்தான். 1745-ல் இறக்கும்வரை ஊர் ஊராக நடந்து உழைத்தார். அவருடைய தகுதியில் யாரும் குறை சொல்ல முடியாது.

ராஜநாயக்கன் தஞ்சை ராணுவத்தில் வீரராக இருந்தவர், பறையர் குலம், கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் அச்சான புத்தகம் கைக்கு வந்து, அதைப் படித்துத் தாமாகவே இந்தச் சபையைத் தேடி வந்தவர். உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் சபைகளைக் கட்டி வளர்த்தார். எதிரிகள் அவர் குடும்பத்தைத் தாக்கியதில் தகப்பனாரையே பறிகொடுத்தார். அப்படியும் பின்வாங்கவில்லை. உழைப்பு, அறிவு, துணிவு மூன்றிலும் அவருக்கு இணையாகச் சொல்ல ஆள் குறைவு.

குருப்பட்டத்துக்கு அவர் பெயரும் பேச்சில் அடிபட்டது. கொடுக்கவில்லை. காரணத்தை மிஷனரிகளே கடிதங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்குலத்துக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்களாம். ஐரோப்பியரும் அவரை வீட்டுக்குள் ஏற்கத் தயங்குவார்களாம். அவ்வளவுதான். தகுதிக் குறைவு என்று யாரும் எழுதவில்லை! 1771-ல் காலமாகும்வரை ராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார். சபையை விட்டும் போகவில்லை.

ஐந்து அடிமைகளில் தொடங்கிய சபை, 26 ஆண்டுகளில் ராஜநாயக்கனுக்குக் கதவைச் சாத்தியது. வாசற்கதவை அல்ல, பீடத்துக்குப் போகும் கதவை.

தஞ்சையில் வெடித்தது, வடக்கன்குளத்தில் இடிந்தது

நூறு ஆண்டு உறங்கிய பிரச்சினை தஞ்சாவூரில் வெடித்தது. 1820-களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிகள், எல்லாரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே மாதிரி திருவிருந்து வாங்க வேண்டும் என்று கண்டிப்புச் செய்தார்கள். எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). பெத்லகேம் குறவஞ்சி பாடிய மகாகவி, சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரின் நண்பர். உட்காரும் வரிசை உலக வழக்கம், அதில் புதிதாக வந்தவர்கள் கை வைக்கக்கூடாது என்பது அவர் வாதம். தமிழ்ப் பண்பாட்டையே மொத்தமாக மாற்றப் பார்க்கிறார்கள் என்ற வருத்தமும் அதில் கலந்திருந்தது. அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் பாயில் உட்கார்ந்தவர் சொன்ன நியாயம் அது. தரையில் உட்கார்ந்தவர் என்ன சொல்லியிருப்பார் என்று அன்று யாரும் விரிவாக எழுதி வைக்கவில்லை.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் ஏராளமானோர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். மிஷனரிகள் நூறு வருடமாகப் பயந்தது நடந்துவிட்டது. ஆனால் ஒன்று: அதனால் சபை அழிந்துவிடவில்லை!

இது ஒரு சபையின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் 1870-களில் கட்டப்பட்டபோது, ஒரே பீடத்துக்கு முன்னால் இரண்டு காலாகப் பிரித்தே கட்டினார்கள். ஒரு குலத்தார் ஒரு காலில், மற்றவர் மறு காலில், நடுவே சுவர். 1910-ல் பங்குத் தந்தை கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடிக்க வைத்தார். சுவரைத் திரும்பக் கட்டித் தரக் கேட்டு வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. கேட்டவர்கள் தோற்றார்கள். இந்துக் கோயில்களிலோ வாசலே பிரச்சினையாக இருந்தது. 1939-ல் வைத்தியநாதய்யர் ஹரிஜனத் தோழர்களோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்ததை நாமெல்லாம் படித்திருக்கிறோம். தமிழ்நாட்டில் எந்தச் சாமியானாலும், கும்பிட வந்தவர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் தள்ளி நின்றார்கள்!

தரங்கம்பாடிச் சபையின் வழித்தோன்றலான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-ல் அமைந்தது. 1956-ல் டாக்டர் ராஜா பி. மாணிக்கம் தரங்கம்பாடி ஆயரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். ஆரோனிலிருந்து அங்கே வந்து சேர 223 ஆண்டுகள்!

நமக்கு என்ன?

நண்பர்களே, எதற்காக இதை நம் கூடல் விழா மலரில் எழுதினேன் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

நம் கல்லூரியும் எல்லாருக்கும் வாசல் திறந்த இடம்தான். வயலில் நாற்று நட்டுவிட்டு மதியம் வகுப்புக்கு வந்தவனும், காரில் வந்து இறங்கியவனும், படகு இழுத்த கையோடு வந்தவனும் ஒரே வருகைப் பதிவேட்டில் "உள்ளேன் ஐயா" சொன்னார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் இது. ஆனால் அட்மிஷன் கிடைத்தது வாசல். அதற்குப் பிறகு? விடுதியில் யார் யாரோடு சாப்பிட்டோம்? பின் பெஞ்சில் எப்போதும் யார் உட்கார்ந்தார்கள்? ஆங்கிலம் வராத பையன் கேள்வி கேட்க எழுந்தபோது யார் சிரித்தோம்? அவரவர் மனசுக்குத் தெரியும்.

தரங்கம்பாடி நமக்குக் கற்றுத் தரும் பாடம் இரண்டு. ஒன்று, பணம் அதிகம் இல்லாத சின்ன இடமும் பெரிய வேலை செய்யலாம். சொந்தச் சம்பளத்தில் கோயில் கட்டி, சோறு போட்டுப் பள்ளி நடத்தி, ஒரு விதவைக்காகச் சிறைக்கும் போன மனிதர்கள் அதற்குச் சாட்சி. நம் சங்கம் ஏழை மாணவர்களுக்குக் கட்டணம் கட்டுவதும் அந்த வகை வேலைதான். இன்னும் தாராளமாகச் செய்யலாம்.

இரண்டாவது பாடம் இன்னும் கடினமானது. நல்லெண்ணத்தோடு திறந்த வாசலுக்குள்ளேயே பாயும் தரையும் பிரிந்துவிடும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. யாரும் மறுத்துச் சொல்லாமல் இருந்தாலே போதும். "வந்தவங்க போயிடுவாங்க" என்று பயந்து ராஜநாயக்கனுக்குச் செய்த அநியாயத்தை 300 ஆண்டு கழித்து நாம் எளிதாகக் குறை சொல்கிறோம். நம் காலத்து ராஜநாயக்கன் யார், அவரை எந்த வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம் என்று பார்ப்பதுதான் கஷ்டம்.

இந்தக் கூடல் விழாவிலும் முன்வரிசை நாற்காலிகள் இருக்கும். அதிகாரியானவர்களும் தொழிலதிபரானவர்களும் அங்கே உட்காருவார்கள். தப்பில்லை, நம் பிள்ளைகள்தானே. ஆனால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊரில் டீக்கடை வைத்திருக்கும் நம் வகுப்புத் தோழனும் வருவான். பந்தல் ஓரத்தில் நிற்பான். அழைப்பிதழ் அனுப்பியதோடு நம் கடமை தீர்ந்துவிட்டது என்று இருந்துவிடாமல், எழுந்து போய் அவன் கையைப் பிடித்து, "டேய், இங்க வாடா" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள்.

அடுத்த தடவை தரங்கம்பாடிக்குப் போகிற மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மயிலாடுதுறையிலிருந்து பஸ் வசதி நிறைய உண்டு. கோட்டையைப் பார்த்து முடித்ததும் ராஜ வீதிக்கு நடந்து போங்கள். கோயில் திறந்திருந்தால் உள்ளே போய், கொஞ்ச நேரம் தரையைப் பாருங்கள். சுவரில் இருக்கும் கல்வெட்டுகளைவிட அதிகமான சரித்திரம் அந்தத் தரையில்தான் இருக்கிறது.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!